ஐம்பத்தேழாம் எண் ரத்தம்

ஹைதராபாத்,
9 ஜனவரி 2024

தம்பி கௌதமுக்கு,

பொங்கல் வாழ்த்து அட்டை வந்து சேர்ந்தது. உள்ளே எழுதியதும் நீ இல்லை, வெளியே முகவரி எழுதியதும் நீ இல்லை. இரண்டும் அமிர்தவள்ளியின் எழுத்து, அச்சடித்த மாதிரி. உன் கோழிக் கிறுக்கலை எதிர்பார்த்து உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பி.காம் படித்த பெண்டாட்டி கிடைத்ததில் உனக்கு அந்த வேலையும் மிச்சம்.

நீ என் போன் நம்பரை பிளாக் செய்து இரண்டு மாதம் ஆகப் போகிறது. தீபாவளிக்கு வந்தபோது அமிர்தாவின் விரலிடுக்கு சிவந்து கிடந்ததைப் பார்த்தேன். இந்தத் தோல் கம்பெனி வேலையை விட்டுவிடு என்று அவளிடம் சொன்னேன். "படிச்சவங்க வருவீங்க, நாலு வார்த்த சொல்லுவீங்க, பஸ் ஏறிப் போய்டுவீங்க" என்று நீ கத்தினாய். அது எனக்கு வலித்தது. வலித்ததால் எழுதாமல் இருந்தேன். இப்போது எழுதக் காரணம் இருக்கிறது.

எங்கள் ஆய்வுக்கூடம் தோல் தொழிலாளர்களின் ரத்தத்தைப் பார்க்கப் போகிறது. தோல் பதனிடும் குரோம் உப்பு பட்டால் ஒருவருக்குக் கை வெடிக்கிறது, பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஏன்? ரத்தத்தில் டி செல் என்று ஒன்று உண்டு. உடம்புக்குள் வேற்றுப் பொருள் வந்தால் அடையாளம் காணும் காவல்காரன் அதுதான். அடையாளம் காண அதன் மேல் ஒரு ஏற்பி இருக்கும். அந்த ஏற்பிக்கான மரபணுத் துண்டுகள் அப்பா அம்மாவிடமிருந்து வருபவை. ஷூவுக்கு வெட்டின துண்டுகளை ஒரு பையில் போட்டு, கண்ணை மூடி எடுத்துத் தைப்பது போல உடம்பு அவற்றை எடுத்துத் தைக்கிறது. பையில் இருக்கும் துண்டுகள் குடும்பத்துக்குக் குடும்பம் கொஞ்சம் மாறும். அந்த மாற்றத்துக்கும் கை வெடிப்பதற்கும் சம்பந்தம் உண்டா என்று பார்க்கிறோம். உண்டு என்று இதுவரை யாரும் உறுதியாகச் சொல்லவில்லை.

உங்கள் கம்பெனி ஒத்துக்கொண்டிருக்கிறது. மருந்தறைப் பதிவேட்டின்படி கைப்புண்ணுக்கு மருந்து வாங்கியவர்கள் நாற்பது பேர், வாங்காதவர்கள் நாற்பது பேர். எங்களுக்குப் பெயர் வராது, எண் மட்டும்தான் வரும். எந்த எண் யார் என்ற பட்டியல் ஃப்ளோரில் ஒருவரிடம் இருக்க வேண்டும். சூப்பர்வைசர் என்பதால் உன் பெயரைச் சொன்னேன். என் தம்பி என்றும் சொல்லித்தான் சொன்னேன். கோபத்தை ஒரு நாள் தள்ளி வைத்துவிட்டு இதைச் செய்து கொடு.

அமிர்தாவும் ரத்தம் கொடுக்கட்டும்.

உன் அக்கா
சங்கீதா

*

ஆம்பூர்,
2 பிப்ரவரி 2024

அக்காவுக்கு,

போன வாரம் கேம்ப் முடிந்தது. எண்பதுக்கு எண்பது. உன் ஆட்கள் வேனில் வந்து இறங்கினார்கள், ஒவ்வொரு டோக்கனுக்கும் ஆள் இவர்தான் என்று சாட்சிக் கையெழுத்துப் போட்டு, மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்து அனுப்பிவிட்டேன். ஷூ ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வருகிற நாளில் ஃப்ளோரை எப்படித் தயார் செய்வேனோ அப்படிச் செய்தேன். எல்லாருக்கும் புது ஏப்ரன், தலையில் தொப்பி, தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கூட வந்த டாக்டரம்மா, "எல்லார் கையும் எவ்ளோ சுத்தமா இருக்கு" என்று ஆச்சரியப்பட்டார். மேனேஜர் என் முதுகில் தட்டினார். பதினோரு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

ஒரே தமாஷ் மஹபூப் பாஷா பாய்தான். இருபத்திரண்டு வருடமாகக் குரோம் டிரம்மில் நிற்கிற மனுஷன், ஊசியைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் ஜூஸ் மட்டும் நாலைந்து டப்பா குடித்தார். அவர் தம்பிகள் இருவரும் அப்படியே. உன் பட்ஜெட்டில் ஜூஸ் செலவு ஜாஸ்தி ஆகியிருந்தால் ஆம்பூர் மேல் பழி போடாதே.

அமிர்தாவும் கொடுத்தாள். அவள் எண் ஐம்பத்தேழு. மருந்து வாங்காதவர்கள் வரிசையில்தான் அவள் இருக்கிறாள், ஏனென்றால் கம்பெனி மருந்தறைக்கு அவள் போனதே இல்லை. அங்கே பேர் ஏறினால் பர்மனென்ட் ஆக்க மாட்டார்கள். தெருமுனை மருந்துக் கடையில் களிம்பு வாங்கித் தடவினாள், சரியாகிவிட்டது. இதை உன் கூட்டத்திடம் சொல்லிக்கொண்டிருக்காதே.

போன் விஷயம் பிறகு பார்க்கலாம். எனக்கு இன்னும் கோபம் போகவில்லை. இதை எழுதச் சொன்னதும் அவள்தான், உறையில் முகவரி எழுதியதும் அவள்தான்.

கௌதம்

*

ஹைதராபாத்,
20 ஏப்ரல் 2024

கௌதம்,

இந்தக் கடிதத்தை வீட்டில் தனியாக இருக்கும்போது படி. இதில் எழுதுவதை நான் யாருக்கும் எழுதக் கூடாது. தெரிந்தால் என் வேலை போய்விடும். ஆனாலும் நீ என் கூடப் பிறந்தவன்.

முதல் முடிவு வந்துவிட்டது. ஏற்பிக்கான துண்டுகளில் ஒன்று சிலருக்கு வேறு வடிவத்தில் இருக்கிறது. கைப்புண் வரிசையில் நாற்பது பேரில் பதினேழு பேருக்கு அந்த வடிவம். புண் இல்லாத நாற்பதில் மூன்றே பேருக்கு. எங்கள் தலைமை விஞ்ஞானி காலையிலிருந்து சிரித்த முகமாக இருக்கிறார், அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. இது சின்ன ஆய்வு. இன்னும் நூறு தடவை சரிபார்க்க வேண்டும். ஆனாலும் அந்த இருபது எண்களை ஒரு தாளில் தனியாக எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அவர்களை மட்டும் குரோம் தண்ணீர் படாத இடத்துக்கு மெதுவாக மாற்றிவிடு, காரணம் சொல்லாதே. தாளை யாரிடமும் காட்டாதே.

ஒரு சந்தேகம். அந்தப் பதினேழு பேரின் துண்டுகளும் மொத்தம் மூன்றே மாதிரியாக இருக்கின்றன. 14, 22, 31 மூன்றும் அப்படியே ஒன்று. ஒரே குடும்பத்து ஆட்களா? அப்படி இருந்தால்தான் இது பொருந்தும். கேட்டு எழுது.

இப்போது உனக்கான செய்தி. ஐம்பத்தேழில் அந்த வடிவம் இல்லை. அதைப் பார்த்த அன்றுதான் தீபாவளிக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன். அன்று நான் ஜாஸ்தியாகப் பேசிவிட்டேன் போலிருக்கிறது. அமிர்தாவிடம் சொல், அவள் ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது.

அக்கா

*

ஆம்பூர்,
29 ஏப்ரல் 2024

அக்காவுக்கு,

உன் கடிதத்தை அமிர்தாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கடைசிப் பத்தியை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். அன்றைக்கு வீட்டில் பிரியாணி.

நீ கேட்ட பதினேழு பேரும் சொந்தக்காரர்கள்தான். ஒரே தெரு. மாமன் மகள், அத்தை மகன் என்று உள்ளுக்குள்ளேயே கட்டிக்கொண்டவர்கள். 14, 22, 31 ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பிகள். வேறு சந்தேகம் வேண்டாம்.

தாளைப் பற்றி நீ சொன்னது புரிந்தது. ஆனால் இருபது பேரைக் காரணம் சொல்லாமல் மாற்ற நான் என்ன முதலாளியா? மேனேஜரிடம் மட்டும் காட்டினேன். எண்ணுக்கு நேராகப் பேர் எழுதிக் கேட்டார், கொடுத்தேன். நல்ல மனுஷன், ரொம்ப சந்தோஷப்பட்டார். "இது நம்ம கைல இருந்தா இனிமே கை புண்ணுன்னு ஒருத்தனும் வர மாட்டான்" என்றார். இருபது பேரையும் மறுநாளே குரோம் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டார். பாஷா பாயும் தம்பிகளும் இப்போது கேட்டில் காவலுக்கு நிற்கிறார்கள். அவர் என்னிடம் பேசுவதில்லை.

அந்த இடத்துக்கு ரிப்போர்ட்டில் தேறியவர்களைப் போட்டிருக்கிறார்கள். ஷஹீன் பானு, ராஜேஷ், இன்னும் பதினெட்டுப் பேர். அமிர்தாவும் அதில் ஒருத்தி. குரோமில் ஊறி டிரம்மிலிருந்து இறங்குகிற நீலத் தோலை ஈரத்தோடு விரித்து அடுக்குகிற வேலை. பர்மனென்ட் லெட்டரும் கொடுத்துவிட்டார்கள். ஆறு வருடம் காத்திருந்த லெட்டர், உன்னால் கிடைத்தது. அதை நான் மறக்க மாட்டேன்.

கௌதம்

*

ஹைதராபாத்,
18 மே 2024

கௌதம்,

என்ன காரியம் செய்திருக்கிறாய்?

தேறியவர்கள் என்று யார் சொன்னது? அந்த வடிவம் இல்லாவிட்டால் ஆபத்து கொஞ்சம் கம்மியாக இருக்கலாம், இருக்காமலும் போகலாம். அவ்வளவுதான் எனக்கே தெரியும். கைப்புண் வரிசையில் மீதி இருபத்து மூன்று பேருக்கு அந்த வடிவம் இல்லாமலேதானே புண் வந்தது? ஒருவரை ஆபத்திலிருந்து தள்ளி வைக்கக் கொடுத்த தாளை வைத்து இன்னொருவரை ஆபத்துக்குள் தள்ளிவிட்டீர்கள். கொடுத்தது நான்தான். பத்து நாளாக உன்னைத் திட்டி ஒரு கடிதம், என்னைத் திட்டி ஒரு கடிதம் என்று எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

தாளைத் திருப்பி வாங்கு. மேனேஜர் நகல் எடுத்திருந்தால் அதையும் வாங்கு.

இன்னொன்று. உன் கடைசி உறையை மேசை மேல் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். முகவரி அமிர்தாவின் எழுத்து. ஆனால் ஹைதராபாத் என்ற இடத்தில் பேனா இரண்டு தடவை நழுவியிருக்கிறது. பின்கோடில் நீர் பட்ட மாதிரி ஒரு மஞ்சள் கறை. அவள் கையைப் பிடித்து வெளிச்சத்தில் பார். முன்பக்கம், பின்பக்கம், நகத்தைச் சுற்றி. பார்த்ததைப் பார்த்தபடி எழுது.

நாங்கள் இங்கே இரண்டாம் கட்ட வேலையைத் தொடங்கிவிட்டோம். முதலில் பையில் என்ன துண்டு இருக்கிறது என்று பார்த்தோம், இப்போது தைத்து முடித்த ஏற்பிகளையே பார்க்கிறோம்.

அக்கா

*

ஆம்பூர்,
30 மே 2024

அக்காவுக்கு,

நீ பயப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை. வெயில் காலம், கிளவுஸுக்குள் வியர்த்துத் தோல் உரிகிறது, அவ்வளவுதான். எல்லாருக்கும் இருக்கிறது. ஷஹீன் பானுவுக்கும் இருக்கிறது.

பார்த்ததைப் பார்த்தபடி எழுதச் சொன்னாய். உள்ளங்கை வெடித்திருக்கிறது. விரல் நுனி ஈரப் பேப்பர் மாதிரி ஆகிவிட்டது. முழங்கை வரை தடிப்பு. சப்பாத்தி மாவு பிசைய முடியவில்லை, நான் பிசைகிறேன். போனைத் திறக்க விரல் வைத்தால் அது அவளை அடையாளம் காண மாட்டேன் என்கிறது. பத்துத் தடவை வைத்துப் பார்த்துவிட்டு அணைத்து அலமாரியில் போட்டுவிட்டாள்.

"ரெண்டு மாசம் லீவு போடேன்" என்று சொன்னேன்.

"பர்மனென்ட் ஆகி ஒரு மாசம்தான் ஆச்சு. இப்போ லீவு கேட்டா இன்னா நினைப்பாங்க?" என்றாள். பிறகு, "அண்ணிதான் என் ரிப்போர்ட் நல்லாருக்குன்னு எழுதியிருக்காங்களே. பழகணும், பழகிடுச்சுன்னா சரியாப் போய்டும்" என்றாள். உன் கடிதத்தை மடித்துப் பர்மனென்ட் லெட்டரோடு சேர்த்து வைத்திருக்கிறாள். அவளிடம் நான் என்னத்தைச் சொல்ல?

தாளைக் கேட்டேன். மேனேஜர் சிரித்தார். பேரணாம்பட்டில் ஒரு கம்பெனியும் ராணிப்பேட்டையில் ஒரு கம்பெனியும் அதைக் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்களாம். அங்கேயும் இதே மாதிரி ரத்தம் பார்த்துத்தான் ஆள் எடுக்கப் போகிறார்களாம்.

அந்தப் பதினேழு பேரைப் பற்றி மறுபடி ஏதாவது கேட்பீர்களா? கேட்டால் என்னிடம் மட்டும் கேள்.

உறையில் முகவரி இந்தத் தடவை நானே எழுதினேன். தபால்காரர் வாசித்துவிட்டார் என்றால் சந்தோஷம்.

கௌதம்

*

ஹைதராபாத்,
14 ஜூன் 2024

கௌதம்,

சுருக்கமாக எழுதுகிறேன்.

தைத்து முடித்த ஏற்பிகளைப் பார்த்தோம். துண்டுகள் குடும்பத்தில் வரும், அண்ணன் தம்பிக்கு ஒன்றாக இருக்கலாம். ஆனால் கண்ணை மூடி எடுத்துத் தைப்பது ஒவ்வொரு உடம்பிலும் தனித்தனியாக நடக்கும். இரட்டைப் பிள்ளைகளுக்குக்கூட அந்தத் தையல் ஒன்றாக வராது.

14, 22, 31 மூன்றிலும் தையல் ஒன்று. ஒன்றிரண்டு அல்ல, ஆயிரக்கணக்கான தையல்களும் அப்படியே ஒன்று. பதினேழு எண்களிலும் மொத்தம் மூன்று பேரின் ரத்தம்தான் இருக்கிறது. அந்த மூன்று பேரும் புண் இல்லாத வரிசையில் தங்கள் சொந்த எண்ணிலும் இருக்கிறார்கள். குரோமில் நின்றும் கை வெடிக்காத மூன்று பேர். அவர்கள் ரத்தத்தில் இருக்கும் வடிவத்தைத்தான் ஆபத்து என்று நான் எழுதி அனுப்பியிருக்கிறேன்.

எல்லார் கையும் சுத்தமாக இருந்தது என்று பிப்ரவரியில் எழுதினாயே. அதைப் படித்துச் சிரித்தேன். நாற்பது பேருக்குக் கைப்புண் என்று பதிவேடு சொல்கிறது, ஒரு கையிலும் புண் இல்லை என்று நீ சொல்கிறாய். ஒரு தடவை ரத்தம் கொடுத்தால் ஒரு டப்பா ஜூஸ்தான், பாய் நாலைந்து டப்பா குடித்தார் என்றும் எழுதினாய். அங்கேயே நான் நின்றிருக்க வேண்டும். முடிவு நன்றாக வந்த மயக்கத்தில் நிற்கவில்லை.

அன்று யார் யாருக்காகக் கை நீட்டினார்கள்? எழுது.

அதற்கு முன்னால் அமிர்தாவை இன்றைக்கே அந்த இடத்திலிருந்து எடு. ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை. ஐம்பத்தேழுக்கு ஆபத்து இல்லை என்று சொல்ல என்னிடம் ஒரு ஆதாரமும் இல்லை. உன் நம்பருக்குப் பதினொரு தடவை அடித்தேன், அடைத்தே இருக்கிறது. அவள் நம்பர் அணைந்திருக்கிறது. கம்பெனிக்கு அடித்தால் சூப்பர்வைசர் ஃப்ளோரில் இருக்கிறார் என்று வைத்துவிடுகிறார்கள். இந்த வாரம் என்னை இங்கிருந்து நகர விட மாட்டார்கள். விட்டதும் கிளம்பி வருகிறேன்.

சங்கீதா

*

வேலூர்,
25 ஜூன் 2024

அக்கா,

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் கடிதம் வந்த அன்று அமிர்தா ஏற்கனவே வேலைக்குப் போகிற நிலையில் இல்லை. பதினாறாம் தேதி காலையில் முகம் வீங்கிக் கண் மூடிக்கொண்டது. இரண்டே நாளில் கழுத்து, மார்பு, முதுகு எல்லாம் சிவந்து உரிய ஆரம்பித்துவிட்டது. காய்ச்சல் வேறு. ஆம்பூரில் பார்க்க முடியாது என்று இங்கே அனுப்பினார்கள். உடம்பு முழுக்கத் தோல் உரிகிறதால் கிருமி ஏறிவிட்டதாம். உயிருக்கு இப்போது எதுவும் சொல்ல முடியாது என்கிறார்கள்.

போனை எடுத்து உன் நம்பரைத் திறந்துவிட்டேன். திறந்துவிட்டு அடிக்கத் தைரியம் வரவில்லை. வாயால் சொல்ல முடியாது, அதனால் எழுதுகிறேன்.

ஆடிட் நாளில் எங்கள் ஃப்ளோரில் ஒரு பழக்கம் உண்டு. கையில் புண் உள்ளவர்களை அன்றைக்கு லீவில் அனுப்பிவிடுவோம். அவர்கள் டோக்கனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நல்ல கை உள்ளவர்கள் நிற்பார்கள். வருகிறவன் டோக்கனை எண்ணுவான், கையைப் பார்ப்பான், போய்விடுவான். புண் தெரிந்தால் ஆர்டர் போகும், ஆர்டர் போனால் எல்லார் வேலையும் போகும். இதில் தப்பு இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பதினோரு வருடமாக நான்தான் இதைச் செய்கிறேன். கெட்டிக்காரன் என்று பேர்.

கேம்ப் அன்று மேனேஜர், "வெளியாள் வர்றாங்க, ஃப்ளோரை ரெடி பண்ணு" என்றார். ரெடி பண்ணினேன். ஆறாத புண் உள்ள பதினேழு பேரை வீட்டுக்கு அனுப்பினேன். பாஷா பாயையும் அவர் தம்பிகளையும் கூப்பிட்டு, தொப்பியை இறக்கிவிட்டு, டோக்கனும் ஊசி மேசையும் மாற்றி மாற்றி வரிசையில் நிற்க வைத்தேன். ரத்தம் எடுக்கிறார்கள், அதனால் ஆள் மாறக் கூடாது என்பது எனக்கு உறைக்கவில்லை. சத்தியமாக உறைக்கவில்லை. ஏப்ரலில் நீ குடும்பமா என்று கேட்டாய், அப்போது உறைத்தது. உறைத்த பிறகுதான் பொய் எழுதினேன். அமிர்தாவின் ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது என்று அதே கடிதத்தில் இருந்தது. அதைக் கெடுக்க மனசு வரவில்லை.

மே மாதமே பாஷா பாய் கேட்டில் என்னை நிறுத்தினார். "தம்பி, அன்னைக்கு என் கையத்தானே ஆறு வாட்டி குத்துனாங்க. என் ரத்தம் ஆகாதுன்னு எழுதிருக்காங்க. எனக்கு இருபத்திரண்டு வருஷத்துல ஒரு கொப்புளம் வந்ததில்ல. அப்போ அந்த ரிப்போர்ட்டுல நல்லாருக்குன்னு போட்டவங்க கதி இன்னா?" என்று கேட்டார். நான் அவரைத் தாண்டி உள்ளே போனேன். அவர் கேட்டது எனக்குப் புரிந்தது அக்கா. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் அமிர்தாவின் கையைப் பார்த்தேன். பார்த்தும் மறுநாள் அவளை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

வந்துவிடு.

கௌதம்

*

ஹைதராபாத்,
4 ஜூலை 2024

தம்பி,

வேலூரிலிருந்து நேற்று காலை வந்து சேர்ந்தேன். ரயிலில் உட்கார்ந்த இடத்திலேயே கிடந்தேன், யாரோ எழுப்பி இறக்கிவிட்டார்கள். உன்னை அந்த வராந்தாவில் எல்லார் முன்னாலும் அடித்ததற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். அடிக்கும் உரிமை எனக்கு இருந்ததா என்பதுதான் இப்போது சந்தேகம். ரகசியமாக எண்களை எழுதி அனுப்பியவள் நான்.

காய்ச்சல் இறங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன். ஆனால் அவள் கட்டுப் போட்ட கையைத் தூக்கி, "அண்ணி, என் ரிப்போர்ட் நல்லாத்தானே இருந்துச்சு?" என்று கேட்டாளே, அது காதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கிக்கொள்வேன். தன் மேல் ஏதோ தப்பு என்பது போலக் கேட்டாள்.

வேலூருக்குக் கிளம்பும் முன்பே இங்கே தலைமை விஞ்ஞானியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், நான் தாள் அனுப்பியதையும் சேர்த்து. என் வேலை இந்த மாதத்தோடு முடிகிறது, அது இருக்கட்டும். ஆய்வு முடிவைத் திரும்பப் பெறுவதாக உங்கள் கம்பெனிக்குக் கடிதம் போயிற்று. கேம்ப்பில் எந்த ஆள் மாறாட்டமும் நடக்கவில்லை என்று பதில் வந்திருக்கிறது. ரத்தம் ஒன்றாக இருந்தால் சோதனைக் குழாயைக் குழப்பியது எங்கள் ஆய்வுக்கூடம்தானாம். பேரணாம்பட்டுக்கும் ராணிப்பேட்டைக்கும் எழுதினோம், பதிலே இல்லை. ஆள் எடுப்பது நடந்துகொண்டிருக்கிறது என்று கேள்விப்பட்டேன்.

இதை நிறுத்த ஒரே வழி உன் வாக்குமூலம். அன்று நடந்ததை நடந்தபடி எழுதி, கையெழுத்துப் போடு. பாஷா பாயும் போட வேண்டும். கடைசியாக, ரத்தம் கொடுத்தவர்களில் பாதிக்கப்பட்ட ஒருவராவது, இந்த எண் நான்தான், இந்த முடிவை வைத்துத்தான் என்னை அங்கே நிறுத்தினார்கள் என்று எழுதித் தர வேண்டும். ஷஹீன் பானு போட மாட்டாள், அவளுக்குப் பயம். ஐம்பத்தேழாம் எண்தான் போட வேண்டும்.

உன் வேலை போகும். கேஸும் வரலாம். தெரிந்துதான் கேட்கிறேன்.

அக்கா

*

ஆம்பூர்,
23 ஜூலை 2024

அக்கா,

வாக்குமூலத்தை இதோடு வைத்திருக்கிறேன். நான்கு பக்கம். பேர், டோக்கன், யார் யாருக்கு நின்றார்கள், எல்லாம் இருக்கிறது. எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் பயம்தான், வேறு சாக்குச் சொல்லவில்லை. மேனேஜரிடம் நானே போய்ச் சொன்னேன். "நீதானே பட்டியல் கொடுத்தே? உன் கையெழுத்துதானே இருக்கு?" என்றார். அன்றே டோக்கனைக் கழற்றி வாங்கிவிட்டார்கள். இப்போது வேறு சூப்பர்வைசர். போன வாரம் ஒரு ஆடிட் வந்ததாம், நன்றாக முடிந்ததாம்.

காலையில் பேக்டரி பஸ் நம் தெருமுனையில் நிற்கும்போது பார்க்கிறேன். ஷஹீன் பானு கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு ஏறுகிறாள். ராஜேஷ் கம்பியைப் பிடிக்காமல் முழங்கையை மாட்டிக்கொண்டு நிற்கிறான். என்னைப் பார்த்தால் இருவரும் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். இனிமேல் வேலைக்குப் போகாதீர்கள் என்று சொன்னேன். "உன் பேச்சை ஒருவாட்டி கேட்டதே போதும்ணா" என்றான் ராஜேஷ்.

பாஷா பாய் நேற்று வீட்டுக்கே வந்தார். வாக்குமூலத்தை முழுசாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு உருதுவில் கையெழுத்துப் போட்டார். போகும்போது என் தோளைத் தொட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அமிர்தா வீட்டுக்கு வந்து எட்டு நாள் ஆகிறது. பிழைத்துக்கொண்டாள். முகம் ஆறிவிட்டது, புதுத் தோல் வந்திருக்கிறது. கைதான் இன்னும் ஆறவில்லை. விரல் மடங்காது. நீ கேட்டதை அவளிடம் சொன்னேன். நான் எழுத எழுத, தானே வார்த்தை சொன்னாள். ஐம்பத்தேழாம் எண் ரத்தம் என்னுடையது, அதை நல்ல ரத்தம் என்று சொல்லித்தான் என்னை அங்கே நிறுத்தினார்கள் என்று சொன்னாள். குறை சொல்லி ஒரு வார்த்தை சேர்க்கவில்லை, நீயே படித்துப் பார்.

கையெழுத்துப் போடப் பேனாவைக் கொடுத்தேன். விரலிடுக்கில் நிற்கவில்லை. இரண்டு தடவை கீழே விழுந்தது. அவள் எழுத்து எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். கைநாட்டு வைக்கலாம் என்றேன். பி.காம் படித்தவளிடம் அப்படிச் சொல்ல எனக்கு வாய் கூசியது. அவள் பெருவிரலை நீட்டினாள்.

மூன்று தடவை வைத்தோம் அக்கா. தாளில் பார், மூன்று வட்டம் இருக்கும். மை மட்டும்தான் ஒட்டியிருக்கிறது, ஒரு ரேகைகூட விழவில்லை. இதை வைத்துக்கொண்டு யாருடைய விரல் என்று எவனும் சொல்ல முடியாது. அதனால் அவற்றுக்குப் பக்கத்தில், இது என் மனைவி அமிர்தவள்ளியின் விரல்தான், என் கண் முன்னால் வைத்தாள் என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஜனவரியில் அந்தப் பதினேழு டோக்கனுக்கும் சாட்சிக் கையெழுத்துப் போட்டவனும் நான்தான்.

கௌதம்